ஒன்பது அங்குலம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோயம்புத்தூரில் பழைய கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உதிரி பாகக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர் கேட்ட பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. "இந்த வண்டிக்குப் போயி இந்தக் கலரா அடிச்சீங்க?" என்று ஒரு குத்துக் குத்தி அனுப்பினால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். இதற்காகவே என் மனைவி என்னோடு விசேஷ வீடுகளுக்கு வருவதில்லை. இந்த வாயால் ஒரு மனுஷருக்கு நான் செய்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவரைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு எழுந்து போகலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை.

அவர் பேர் மாரப்பன். கார்களின் தகடு வேலை செய்கிறவர், நம் ஊர்ப் பேச்சில் டிங்கர். அன்னூருக்கு வடக்கே ஒரு சின்ன ஊர்க்காரர். அப்பா காளிச்சாமியும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். "சாயங்காலத்துக்குள்ள இந்தக் காட்டுல களையெடுப்பு முடிஞ்சிருமா?" என்று தோட்டத்துக்காரர் கேட்டால், முடியாது என்று கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் காளிச்சாமி "முடிஞ்சிருங்க" என்பாராம். சொல்லிவிட்டு, பெண்டு பிள்ளை எல்லோரையும் இறக்கி எப்படியாவது முடிப்பாராம். முடியாது என்ற சொல்லை அந்தக் குடும்பத்தில் யாரும் வாசலுக்கு வெளியே எடுத்துப்போனதில்லை. மாரப்பன் கோயம்புத்தூருக்கு வந்து சுத்தியல் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பதிலை மட்டும் ஊரிலிருந்தே கொண்டுவந்துவிட்டார். யார் என்ன கேட்டாலும் "பண்ணிப்போடலாங்க."

சிங்காநல்லூர் பக்கம் கண்ணையா என்பவரின் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் அந்த ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு வேலை செய்தார். நசுங்கிய கல்லூரிப் பஸ், லாரியில் மோதிய அம்பாசிடர், எது வந்தாலும் முகம் சுளித்ததில்லை. சுத்தியல் சத்தத்தில் ஒரு காது பாதி போய்விட்டது. மனைவி ராமாமணி நூல் மில்லுக்குப் போனார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரே மகள் மதிவதனியை என்ஜினீயரிங் படிக்க வைத்தார்கள். அவள் இப்போது பீளமேட்டில் ஓர் அலுவலகத்தில் இயந்திர பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைகிறாள்.

மாரப்பன் வேலை செய்யும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தகட்டைத் தட்டி நிமிர்த்திய பிறகு, நைந்த வேட்டித் துணியை நாலாக மடித்து உள்ளங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தகட்டின்மேல் மெதுவாக ஓட்டுவார். வெறுங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றிவிடும். துணி இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போகும், நூல் கனத்துக்கு மேடு பள்ளம் இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். விவரம் தெரியாதவன் பார்த்தால், ஏதோ தூசி துடைக்கிறார் என்று நினைப்பான். கல்லாவில் உட்கார்ந்தே காலம் தள்ளுகிற எனக்கும் விவரம் தெரியவில்லை.

இனி அந்தக் கார். வெள்ளகோவிலில் நூல் மில் வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர் மனோஜ்குமார். அவருடைய அப்பா எழுபதுகளில் நீலகிரி எஸ்டேட்காரர் ஒருவரிடம் ஓர் இத்தாலிக் கூபே வாங்கினார். இரண்டே கதவு, நீள மூக்கு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை, வெண்ணெய் நிறம். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று வேறு கிடையாது. அப்பா போன பிறகு அது மில் குடோனில் பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே நின்றது. மனோஜ்குமாருக்கு அப்பாவின் காரும் வேண்டும், வேகமும் வேண்டும். விபத்தில் மேல்பாகம் நொறுங்கிய ஒரு ஜெர்மன் பந்தயக் கார் கிடைத்தது, எஞ்சினும் அடித்தளமும் பழுதில்லை. இரண்டையும் கண்ணையா பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கினார். "மேல எங்கய்யன் வண்டி, அடியில என்ர வண்டி. ஒண்ணாக்கிப்போடலாமுங்களா?" என்று கேட்டார்.

மாரப்பன் டேப்பைப் பிடித்து அளந்தார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஜெர்மன் கார் ஒன்பது அங்குலம் அதிகம். அகலமும் கூடுதல். பட்டறைத் தரையில் சாக்பீசால் இரண்டு கார்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். மனோஜ்குமார் வந்து, "பின் சீட்டுல எங்க கனிஷ்காப் பாப்பாவும் உக்காரோணுமுங்ணா. ஒத்து வருமுங்களா?" என்று கேட்டார்.

"பண்ணிப்போடலாங்க தம்பி."

அன்றைக்கு வீட்டில் மதிவதனி அதை வரைந்து காட்டியிருக்கிறாள். "அப்பா, பின்னால தொங்கிப்போகுமுங்க. வேண்டாம்னு சொல்லிப்போடுங்க." மாரப்பன் அந்தப் படத்தைப் பார்த்தார். "அய்யன் வண்டீன்னு ஆசையாக் கேக்கறாரு. மொகத்துக்கு நேரா எப்படி அம்மணி ஆகாதுன்னு சொல்றது?" என்றார். மறுநாள் அந்த இத்தாலி உடம்பை வெட்டினார்கள். வெட்டியதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. பதினாறு மாதம் வேலை நடந்தது.

இவ்வளவும் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அவினாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில், காலை எட்டு மணிக்கு அந்தக் கார் வந்து நின்றதுதான்.

எங்கள் பழைய கார்க் கூட்டம் வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே கூடும். நாற்பது வண்டி வரும், வேட்டி கட்டி வருவோம், இட்லி சாப்பிடுவோம். கடையில் நான் எப்படியோ, கூட்டத்தில் யாரும் யாரையும் முகத்துக்கு நேராகக் குறை சொல்ல மாட்டோம். மனோஜ்குமார் இறங்கியதும் எல்லோரும் சுற்றி நின்று "அருமைங்க", "நெம்ப நல்லாருக்குதுங்க" என்றோம். நானும் சொன்னேன், கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னேன். அவர் மேடைப் பக்கம் போனார். முதுகு திரும்பியதுதான் தாமதம்.

"மேல வேட்டி சட்டை, காலுக்கு மட்டும் ஓட்டப்பந்தய ஷூவா?" என்று ஆரம்பித்தார் ஆசிப். சீட் உறை தைக்கிறவர், என் பழைய கூட்டாளி. மட்கார்டு இரண்டு பக்கமும் புடைத்திருந்ததைப் பார்த்து இன்னொருவர், "கன்னம் வீங்கியிருக்குது, பல்லு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகோணும்" என்றார். நான் விடுவேனா? "கல்யாணத்துக்கு எரவல் வாங்குன சட்டைங்க. தோளுக்குப் பத்தல, கையி மிச்சம்" என்றேன். ஆறேழு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சொன்னதில் பொய்யில்லை. பழைய காரின் அழகே அந்த நீள மூக்கும் குட்டையான பின்புறமும். இதில் கதவு இழுத்துப் பிடித்தாற்போல் நீண்டு, பின்பாகம் தொங்கி, கூரை படுத்துக் கிடந்தது. கண்ணுள்ளவன் யாருக்கும் தெரியும்.

அப்போது காரின் மறுபக்கம் ஒருவர் துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பின்னால் கையில் போனோடு ஒரு பெண் நின்றாள். நான் போனில் குரல் பதிவை ஓடவிட்டுக்கொண்டே, "ஏனுங்க, இந்தக் கூத்தப் பண்ணுனவன் யாருங்க?" என்று கேட்டேன். கூட நின்றவர்கள் மறுபடி சிரித்தார்கள்.

அவர் எங்களைப் பார்த்தார். பின்னால் நின்ற பெண்ணை ஒரு தடவை பார்த்தார். "தெரியலீங்க" என்றார்.

"தெனமும் தொடைக்கறீங்களே, உங்களுக்கு என்ன தோணுது? சும்மா சொல்லுங்க."

"பெரியவங்க நீங்கெல்லாம் இருக்கறப்ப…" என்று இழுத்தவர், துணி இருந்த கையைக் கதவின்மேல் வைத்தார். பிறகு அவர் பேசியது எங்கள் யாருக்கும் வராத பேச்சு. "ஒம்போது அங்குலம் கூடுதுங்க. கதவுல நாலு, கதவுக்குப் பின்னால அஞ்சுன்னு பிரிச்சுட்டாங்க. அந்த நீளத்த மூக்குக்குக் குடுத்திருந்தா நின்னிருக்கும். பின் சீட்டுக்காக இடுப்புல குடுத்ததுல தொங்கிப்போச்சுங்க. நீளம் கூடுனா உயரமும் ஒரு விரக்கடை கூடோணும், கூட்டல, அதனால கூரை படுத்துக்கிச்சு. கதவுல வர்ற கோடு இந்த எடத்துல ஒடையுது பாருங்க, கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். இத வெட்டியே இருக்கக் கூடாதுங்க."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முன்னால் இருந்த என் கேள்வியையும் எங்கள் சிரிப்பையும் அவருடைய "தெரியலீங்க"வையும் வெட்டி எடுத்துவிட்டு, அவர் பேச்சை மட்டும் எங்கள் சின்ன வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மனோஜ்குமார் இல்லாத குரூப், பன்னிரண்டு பேர். அடியில் எழுதினேன்: "தொடைக்கிறவனுக்குத் தெரிஞ்சது செஞ்சவனுக்குத் தெரியல பாருங்க!"

பத்து மணிக்கு மனோஜ்குமார் மைக்கைப் பிடித்தார். கையில் பொன்னாடை. "இந்த வண்டிய உருவாக்குன மாரப்பண்ணன் மேடைக்கு வரோணும்" என்றார். யாரும் வரவில்லை. மூன்று தடவை கூப்பிட்டார். "நம்ம மூஞ்சியப் பாத்து ஓடிப்போயிட்டானாட்டம்" என்று நான் ஆசிப் காதில் சொன்னேன். கடைசியில் அந்தப் பொன்னாடையைக் கார் பானெட்டின்மேல் போர்த்தினார்கள். எல்லோரும் கை தட்டினோம்.

என் பதிவு பன்னிரண்டு பேரோடு நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் ஈரோடு, கரூர் எல்லாம் சுற்றிவிட்டு வெள்ளகோவிலுக்குப் போய்ச் சேர்ந்தது. நாலு மணிக்கு மனோஜ்குமார் கூப்பிட்டார்.

"அண்ணா, ஒரு வாய்ஸ் சுத்துது, கேட்டீங்களா? அது மாரப்பண்ணன் கொரலுங்ணா. வண்டியச் செஞ்சவரே பேசறாரு. ஒத்து வராதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா எங்கய்யன் வண்டிய வெட்டியிருக்க மாட்டனே. அதுக்கு மேல, அந்தாளப் பேச வெச்சு எவனோ எடுத்திருக்கறான். யாருன்னு தெரியுமுங்களா?"

துடைக்கிறவர் என்று நினைத்தேனே, அவர் துடைக்கவில்லை, தன் வேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை பொன்னாடைக்காகப் போட்டு வந்தது. எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. புரிந்த பிறகும் நான் சொன்னேன்:

"தெரியலீங்க தம்பி."

குரூப்பில் இருந்த மற்றப் பதினொரு பேரும் வாய் திறக்கவில்லை. என் பேர் வெளியே வந்தால் அவர்கள் சிரிப்பும் வரும்.

மாரப்பன் பட்டறைக்கு வரவில்லை என்று கண்ணையா சொன்னார். ஆறு நாள் ஆயிற்று. மனோஜ்குமாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவரும் மனோஜ்குமாரைக் கூப்பிடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நான் அன்னூர் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்ற சுயநலம்தான், வேறொன்றுமில்லை.

இரண்டு அறை வீடு. முன்னால் தகரக் கூரை, சுருக்கமில்லாமல் அவரே போட்டது. "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ராமாமணி டீ கொண்டுவந்து வைத்தார். மதிவதனி அறை நிலையில் சாய்ந்து நின்றாள். மைதானத்தில் போனோடு நின்ற அதே பெண். அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்துவதைப் படம் எடுக்க வந்திருந்தவள்.

"அன்னிக்கு அத எடுத்துப் போட்டது நாந்தானுங்க" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார் மாரப்பன். "உங்க கடையில கதவுக்குப் பீடிங் ரப்பரு வாங்கியிருக்கறனுங்க. இந்த வண்டிக்கே ரெண்டு தடவ வாங்குனனுங்க."

அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. இரண்டு தடவையும் காரைப் பற்றி ஏதாவது நக்கலாகச் சொல்லியிருப்பேன், முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். "மன்னிச்சுப்போடுங்க" என்றேன்.

"நான் சொன்னதத்தான போட்டீங்க. கொறைய நாலு பேரு சொல்லட்டுங்க, அதுல எனக்கு வெக்கமில்லீங்க." குரலைத் தாழ்த்தினார். காது மந்தமானவருக்குக் குரல் தாழ்ந்ததாக நினைப்பு, உள்ளே எல்லோருக்கும் கேட்டது. "என்ர கைவேலைய, என்ர புள்ளைய வெச்சுக்கிட்டு, தெரியலீங்கன்னு சொல்லிப்போட்டனுங்களே. அன்னிக்கிருந்து அம்மணி மொகத்தப் பாக்க முடியலீங்க. பட்டறைக்குப் போயி சுத்தியலத் தொடவும் கூசுது."

நிலையில் நின்ற மதிவதனி பேசினாள். "அத்தன கொறையச் சொல்லத் தெரிஞ்சவருக்கு பேரச் சொல்லத் தெரியாதுங்களாப்பா?"

ஆறு நாளில் மகள் அதைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது என்று ராமாமணி என்னிடம் மெல்லச் சொன்னார். மாரப்பன் கையை நீட்டினார். "போனக் குடு கண்ணு. மனோஜ்குமாரு தம்பிக்கு வாய்ஸ் எப்படி அனுப்பறதுன்னு சொல்லு."

போனை வாயருகே வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசினார். "தம்பி, மாரப்பன் பேசறனுங்க. அன்னிக்கு அந்த வாய்ஸுல கொற சொன்னது நாந்தானுங்க. வண்டியச் செஞ்சதும் நாந்தானுங்க. ஒம்போது அங்குலம் கூடும்னு வெட்டறதுக்கு முன்னாலயே தெரியுமுங்க. வேண்டாம்னு சொல்லியிருக்கோணும், சொல்லல. அய்யன் வண்டியக் கெடுத்துப்போட்டனுங்க." அனுப்பிவிட்டுப் போனை மடியில் வைத்தார். மதிவதனி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து எனக்கும் வைத்தாள்.

ஐந்து நிமிஷத்தில் மனோஜ்குமார் கூப்பிட்டார். காது கேட்காது என்பதால் மதிவதனி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாரப்பண்ணா, கோவம் இருக்குதுங்ணா. இல்லீன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆசையில நானும் அளந்து பாக்கலயே. சரி, கதவ மட்டும் மறுக்கா வெட்டி நாலு அங்குலத்தக் கொறச்சுப்போடலாமுங்களா?"

மாரப்பனின் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடியது. "ஆகாதுங்க தம்பி" என்றார். "மறுக்கா வெட்டுனா தகடு நிக்காது. வெட்டவே கூடாதுங்க."

மதிவதனி அப்பாவைப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷர் ஆகாது என்று சொல்கிறார், மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள்.

"சரிங்ணா. திங்கக்கெழம பட்டறைக்கு வந்துருங்க, பேசிக்கலாம்" என்றார் மனோஜ்குமார். "ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு உங்களப் பேச வெச்சு எடுத்தவன் யாருங்ணா? அவன் பேர மட்டும் சொல்லுங்க."

மாரப்பன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மிரட்டலாகவோ கெஞ்சலாகவோ பார்க்கவில்லை, சும்மா பார்த்தார். போன் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. "நாந்தாங்க தம்பி" என்று நான் வாயைத் திறந்தால் போதும். ஊரில் உள்ள கார்களுக்கெல்லாம் குறை சொன்ன வாய். மனோஜ்குமார் என் கடைக்கு வரும் ஆள், கூட்டத்தில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது, ஆசிப் என்ன சொல்வார், இப்படி என்னென்னவோ ஓடியது. நான் டீ டம்ளருக்குள் பார்த்தேன். ஆடை படிந்திருந்தது.

"கேக்குதுங்களாண்ணா?" என்றது போன்.

மாரப்பன் எனக்காக இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"தெரியலீங்க தம்பி."

மதிவதனி எழுந்தாள். நான் தொடாத முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வீடு தேடி வந்தவனைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. ஆறு நாள் அவரை அரித்த அந்தச் சொல்லை, அதே மகள் முன்னால், நான் இரண்டாம் தடவை சொல்ல வைத்துவிட்டேன்.

வெளியே வந்து செருப்பை மாட்டினேன். மதிவதனி கேட் வரை வந்தாள். "ஏனுங்க, உங்க பேரு என்னங்க?" என்று கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை. கடைப் பலகையில் முழ உயரத்துக்கு எழுதி வைத்திருக்கும் பேர், என் வாயில் வரவில்லை. "வாரனுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அன்னூர் தாண்டி ஓரம்கட்டி மனோஜ்குமாரைக் கூப்பிட்டேன். "தம்பி, அந்த வாய்ஸ்…" என்று ஆரம்பித்தேன். "விடுங்கண்ணா, மாரப்பண்ணனுக்கே தெரியலையாமா" என்றார்.

"சரிங்க" என்றேன்.

மாரப்பன் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டார். முன்னைவிடக் குறைவாகப் பேசுகிறார் என்று கண்ணையா சொல்கிறார். நான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். மனோஜ்குமார் படிப்பார், ஆசிப்பும் படிப்பார். வாயால் சொல்ல முடியாதவன் எழுதிச் சொல்வது பெருமையில்லை என்று எனக்கும் தெரியும்.

மதிவதனி, அன்றைக்கு நீ கேட்டாய். என் பேர் உதய். அந்தப் பதிவை எடுத்தவன் நான், அதன் முன்பகுதியை வெட்டியவனும் நான். உன் அப்பாவுக்கு அது தெரியும்.